மருந்து போடாத எட்டு வாரம்

"...செத்துப் போயிருந்தாகூட மனசு ஆறிக்கும் யக்கா. செல்லு எல்லாம் உயிரோட கும்முனு வளந்துகினு கீது. ஆனா ஒண்ணுகூட மின்ன மாட்டேங்குதே, நான் இன்னா பண்ணுவேன்?"

ஒளி அளக்கிற மெஷின் துப்பிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் தொட்டியில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. திரும்பினால் என் மூஞ்சியே சொல்லிவிடும்.

அவள் எண்ணூர்க்காரி, கடலுக்குப் போகிற குடும்பம். திருவொற்றியூரில் எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து குடுவை கழுவ வந்தவள், பத்தாவதோடு சரி. அவள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே செல்லுக்குத் தீனி மாற்றுவதுவரை கற்றுக்கொண்டேன். "யக்கா கை பட்டா செல்லு சிரிக்கும்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஞாயிற்றுக்கிழமைகூட வந்திருக்கிறேன்.

அந்தச் செல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் உடம்பில் ஹார்மோன் வந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ள செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. பிடித்த பிறகு அது உட்கருவில் உட்கார்ந்துகொண்டு, இந்த மரபணு எழுந்திரு, அந்த மரபணு படு என்று அதட்டும். உட்கரு ஏற்பி என்று பெயர். பெண்களின் ஹார்மோனைப் பிடிக்கிற ஏற்பியை, அது இல்லாத ஒரு சிறுநீரகச் செல்லுக்குள் அவள் புகுத்தியிருந்தாள். கூடவே மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணு. ஹார்மோன் மாதிரி வேஷம் போடுகிற ரசாயனம் எது வந்தாலும் ஏற்பி ஏமாந்து பிடித்து ஒளி மரபணுவை எழுப்பும், செல் மின்னும். நம் கண்ணுக்குத் தெரியாத மினுக்கு அது, மெஷின்தான் எண்ணாகச் சொல்லும். ஒரே ஒரு செல்லிலிருந்து பெருக்கி, எத்தனை முறை பிரிந்தாலும் மின்னுகிற வம்சமாக அதை நிலைநிறுத்த அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

எல்லாம் அவள் ஊர் ஆற்றுத் தண்ணீருக்காக. அப்பாவின் படகில் போய் ஐந்து இடத்தில் மொண்டு வந்து, வடித்து, சாறாக இறக்கி ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். அவள் அம்மா ஒருநாள் நண்டு கொண்டுவந்தவர், கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு கெட்டுப்போச்சின்னு என் மூக்கே சொல்லுதே, உன் செல்லு வந்து சொன்னாத்தான் நம்புவானுங்களாமா?" என்று கேட்டார். "ஆமாம்மா, உன் மூக்குக்குப் பட்டம் தரமாட்டாங்க" என்றாள் இவள். மெஷின் இப்படிக் கைவிரித்த மாசத்தோடு அவள் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் அளந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருஷமும் வீண்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். புகுத்திய மரபணுக்களோடு, ஒரு விஷ மருந்தைத் தாங்குகிற மரபணுவும் சேர்த்துக் கட்டியிருக்கும். அதனால் தீனியில் எப்போதும் அந்த மருந்தைக் கலக்க வேண்டும். மரபணுவைத் தொலைத்த செல் சாகும், வைத்திருப்பது பிழைக்கும். திரவ நைட்ரஜனில் உறைந்திருந்த அந்தச் செல்லின் கடைசிக் குப்பியை உருக்கியபோது அவள் அப்பா மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "ஒரு வாரம் சும்மா தீனி போடு யக்கா, தேறட்டும். அப்புறம் மருந்து" என்று போனில் சொன்னாள். ஒரு வாரம் கழித்துப் போட்டேன். மறுநாள் பார்த்தால் பாதிக்கு மேல் செத்து மிதக்கின்றன. கடைசிக் குப்பி, என் கையில் போகப் பார்க்கிறது. மருந்தைக் கழுவிவிட்டு வெறும் தீனி போட்டேன். நன்றாகத் தேறட்டும், அடுத்த வாரம் போடலாம். அடுத்த வாரமும் அப்படியே. அவள் திரும்பி வந்த பிறகும் தீனி என் பொறுப்பாகவே இருந்தது. நோட்டில் மருந்துக் கட்டத்தில் மட்டும் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். மருந்து இல்லாத இடத்தில் மரபணு இல்லாத செல்கள் மதமதவென்று வளர்ந்து, மின்னுகிறவற்றை ஓரங்கட்டிவிட்டன. மறுபடி உறைய வைத்த பன்னிரண்டு குப்பியும் நான் வளர்த்த அதே கூட்டத்திலிருந்துதான்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. மெஷினைத் திட்டினாள். தன்னையே திட்டினாள். "நான் கட்டுனதே தப்போ யக்கா? நிலைக்காத செல்ல நிலைச்சுதுன்னு நம்பிகினேனோ?" நோட்டைப் புரட்டினாள். "மருந்து வுடாம போட்டுகினுதானே இருந்தோம்?"

தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"இல்லம்மா."

"இன்னா இல்ல?"

"போடல. எட்டு வாரமா போடல. மொத தபா போட்டப்போ செத்து செத்து மெதந்துச்சு. என்னால பாக்க முடில. டிக்கு மட்டும் போட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தாள்.

"சாவுறத்துக்குத்தான் யக்கா அந்த மருந்தே" என்றாள். கத்தக்கூட இல்லை.

"மின்னுறது ஒண்ணுகூடவா மிச்சம் இருக்காது?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன தகுதி, ஆனாலும் கேட்டேன்.

"இருந்தா அது மட்டும் பொழைக்கும்" என்று புதுக் கையுறை மாட்டினாள். ஃபிரிட்ஜிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தாள். செல் வளர்ந்த எட்டு ஃப்ளாஸ்க்கையும் வரிசையாக வைத்து, அத்தனை செழிப்பாக வளர்ந்திருந்தவற்றின் மேல் முழு அளவு மருந்தை ஒவ்வொன்றாக விட்டாள். மூடிகளைத் திருகி இன்குபேட்டரில் அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.