பிரேக் விளக்கை நான் அணைத்த வெள்ளிக்கிழமை

1. முதல் நாள்

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது எங்கள் ஒர்க்‌ஷாப். அங்கே முன் மேசை வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் அபிக்கு மூன்றரை வயது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றும் தெரியாது. பி.காம். படித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். அது போதும் என்றார் முதலாளி காதர் பாய்.

முதல் நாள் அவர் எனக்கு ஒரு பேனாவும் ஜாப் கார்டு கட்டும் கொடுத்தார். ஜாப் கார்டு என்பது வண்டிக்கு என்ன கோளாறு என்று எழுதி மெக்கானிக்கிடம் கொடுக்கும் தாள். முதல் கார்டை நான் மிகுந்த கவனத்துடன் எழுதினேன். "முன்பக்கத்தில் அசாதாரண ஒலி."

பாய் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த சார் என்னம்மா சொன்னாரு?"

"பள்ளத்துல எறங்கினா டொக்குனு கேக்குதுன்னார்."

"அப்ப டொக்குன்னு எழுது. டொக்குன்னா ஒரு வேலை, லொடலொடன்னா வேற வேலை. அசாதாரண ஒலின்னா நான் எந்த ஸ்பேனரை எடுக்கறது?"

உள்ளே ஒரு வண்டிக்குக் கீழே படுத்திருந்த ஏழுமலை சிரித்தது கேட்டது. ஏழுமலைதான் சீனியர் மெக்கானிக். அன்று மாலை முழுவதும் டொக்கு என்று எழுதலாமா, டொக் என்று எழுத வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலையைக் கேட்டேன். "இன்னாக்கா, ரெண்டும் ஒரே சாமான்தான்" என்றார்.

2. அபியின் தொண்டை

வேலைக்குப் போகும் நேரத்தில் அபியைச் சிட்லபாக்கத்தில் விமலா மிஸ் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில், அதாவது கிரஷில், விட்டிருந்தேன். மாலை மூன்றே முக்காலுக்கு மிஸ் தன் சிவப்பு நிறச் சின்னக் காரில் நான்கு குழந்தைகளை ஏற்றி, ஒவ்வொருவராக வீட்டில் இறக்கிவிடுவார். அபி கடைசி. எங்கள் கீழ் வீட்டு அக்கா வாங்கி வைத்துக்கொள்வார்.

நான் ஒரு நாளைக்கு மூன்று முறை கிரஷுக்குப் போன் செய்வேன். சாப்பிட்டாளா, தூங்கினாளா, எழுந்தாளா. மற்ற அம்மாக்கள் செய்வதில்லை என்று மிஸ் ஒரு முறை பொதுவாகச் சொன்னார். எனக்காகத்தான் சொன்னார் என்று புரிந்து, இரண்டு நாள் இரண்டு முறையாகக் குறைத்தேன். பிறகு மூன்றாகிவிட்டது.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அபிக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டுக்குள் ஓடி வந்து ஃபிரிட்ஜ் முன்னால் நிற்பாள். நிற்கும்போது "கீஈஈ" என்பாள். ஒவ்வொரு முறையும். ஓடும்போது சத்தம் இல்லை, நிற்கும்போது மட்டும். சில வாரம் கழித்து அது "கர்ர்ர்" என்று மாறியது. எனக்குத் தொண்டையில் ஏதோ என்று பட்டது. சித்தரத்தைக் கஷாயம் கொடுத்தேன். துப்பிவிட்டாள். டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

"எப்போ வருதும்மா இந்தச் சத்தம்?"

"நிக்கும்போது டாக்டர்."

"உக்காந்தா?"

"வராது."

"நிக்கும்போது மட்டும் வர்ற தொண்டைவலி எனக்குத் தெரிஞ்சு இல்லைம்மா" என்றார். இருந்தாலும் நான் பார்த்த பார்வைக்காக ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். முறையாக இரண்டு வேளை கொடுத்தேன். சத்தம் அப்படியே இருந்தது.

3. வெள்ளிக்கிழமை மதியம்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டரைக்கு பாயும் மற்ற மெக்கானிக்குகளும் தொழுகைக்குப் போவார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் வேலை ஓடாது என்பதால் ஏழுமலையும் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு மணி வரை நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். வண்டி வந்தால் கார்டு எழுதி சாவியை வாங்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி இருக்கும். விமலா மிஸ் வந்தார். குழந்தைகள் தூங்குகிறார்கள், ஆயா மட்டும்தான் கூட இருக்கிறார், அவசரம் என்றார்.

"அபி அம்மா, டேஷ்போர்டுல சிவப்பு லைட் ஒண்ணு எரியுது. ஹேண்ட் பிரேக் எறக்கிட்டேன், அப்பவும் எரியுது. என்னன்னு பாருங்களேன்."

எனக்கு அது என்னவென்று தெரியும் என்பதுதான் பிரச்சினை. பிரேக் ஆயில் குறைந்தால் அந்த விளக்கு எரியும். ஏழுமலை பானெட்டைத் திறந்து, ஒரு சிறிய வெள்ளை டப்பாவில் ஆயில் ஊற்றியதும் அது அணைவதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். டப்பாவில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மிஸ் காரின் பானெட்டைத் திறந்து பார்த்தேன், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

பாய் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மிஸ் என் மகளைப் பார்த்துக்கொள்பவர். அவரை ஒரு மணி நேரம் காக்க வைத்தால், அந்த ஒரு மணி நேரம் அபி ஆயாவோடு தனியாக இருப்பாள். ஆகவே அலமாரியிலிருந்து புது ஆயில் டின்னை எடுத்து, மூடியைச் சுற்றித் துணியால் துடைத்து, ஊற்றினேன். மேல்கோடு வரை வந்ததும் நிறுத்தினேன். குறைந்துவிட்டால் மறுபடி விளக்கு எரியுமே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

விளக்கு அணைந்தது.

"அட! நீங்களே மெக்கானிக் ஆயிட்டீங்க" என்றார் மிஸ். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. கார்டில் எழுதினேன்: "சிவப்பு லைட் எரிந்தது. பிரேக் ஆயில் ஊற்றப்பட்டது. சரியாகிவிட்டது."

4. பாய் கேட்ட கேள்வி

மூன்று மணிக்கு பாய் மேசைக்கு வந்து கார்டுகளைப் புரட்டினார். என் கார்டில் நின்றார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அந்த ஆயில் எங்க போச்சு?"

"டப்பால ஊத்திட்டேன் பாய்."

"நீ ஊத்துனதைக் கேக்கல. முன்னாடி இருந்த ஆயில் எங்க போச்சு? கீழ ஒழுகுச்சா?"

மிஸ் வண்டி நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. "ஒழுகல" என்றேன், நல்ல செய்தி சொல்வது போல.

பாய் உட்கார்ந்தார். "பிரேக் ஆயிலை யாரும் குடிக்கறதில்லம்மா. முன் சக்கரத்துல டிஸ்க் இருக்கு. அதை ரெண்டு பக்கமும் புடிக்கறது பேட். பேட் தேயத் தேய, அதைத் தள்ளற பிஸ்டன் வெளிய வரும். பிஸ்டன் வெளிய வந்த எடத்துக்கு ஆயில் எறங்கும். மேல டப்பால குறையும். ஒழுகாம கொறைஞ்சா பேட் தீந்துபோச்சுன்னு அர்த்தம். அதைச் சொல்றதுக்குத்தான் அந்த லைட்டு. நீ அதோட வாயை மூடிட்ட."

நான் என் கார்டை மறுபடி படித்தேன்.

"சத்தம் ஏதும் வருதுன்னாங்களா? மொதல்ல கீஈன்னு கத்தும். பேட்ல ஒரு சின்னத் தகடு வச்சிருப்பான், அது உரசற சத்தம். அப்பவும் கவனிக்கலன்னா பேட் மொத்தமா தேய்ஞ்சு, இரும்போட இரும்பு உரசும். அப்ப..."

"கர்ர்ர்" என்றேன்.

"ஆமா. உனக்கு யார் சொன்னது?"

யார் சொன்னது என்று பாயிடம் விளக்க நேரமில்லை. மணி மூன்றேகால். மூன்றே முக்காலுக்கு அந்தக் கார் கிளம்பி, ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சரிவில் பஸ் ஓடும் சாலைக்கு வரும். பின் சீட்டில் என் மகள் உட்கார்ந்து, சிரப் குடித்த தொண்டையால் கர்ர்ர் என்பாள்.

கிரஷுக்குப் போன் செய்தேன்.

"மிஸ், அந்தக் காரை எடுக்காதீங்க. பிரேக் தேய்ஞ்சிருக்கு."

"அபி அம்மா," மிஸ் சிரித்தார். "இன்னைக்கு இது மூணாவது போன். அபி தூங்கறா. வண்டி நல்லாத்தான் நிக்குது. லைட் கூட எரியலையே, நீங்கதானே சரி பண்ணீங்க?"

"நான் சரி பண்ணல மிஸ், நான் வந்து..."

"சும்மா டென்ஷன் ஆகாதீங்க. குழந்தை அழுது, வைக்கறேன்."

மறுபடி அடித்தேன். போனை எடுத்து கீழே வைத்திருந்தார்கள் போல, எங்கேஜ்டாகவே இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை, நூறு நாளாக, ஒன்றுமில்லாததற்குப் போன் செய்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது.

5. பத்தடி தூரம்

"ஏழுமலை, மேடத்தைக் கூட்டிட்டுப் போ" என்றார் பாய். ஏழுமலையின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். அவர் வேகமாகப் போனால் பயமாக இருந்தது, மெதுவாகப் போனாலும் பயமாக இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி எங்களைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தது.

"யக்கா, தோளை வுடு. ஹேண்டில் திரும்ப மாட்டேங்குது" என்றார் ஏழுமலை.

போய்ச் சேர்ந்தபோது நான்கு குழந்தைகளும் காரில் ஏறியிருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேசட்டில் குழந்தைப் பாட்டு உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. வழியில் யாரும் அழக்கூடாது என்பதற்காக மிஸ் தினமும் அப்படித்தான் வைப்பார்.

நான் கதவைத் திறந்து முதலில் அபியை இறக்கினேன். பிறகு, என் குழந்தையை மட்டும் இறக்கியது தவறாகத் தெரிய, மற்ற மூவரையும் இறக்கினேன்.

"என்ன பண்றீங்க நீங்க?" மிஸ்ஸுக்கு இப்போது உண்மையாகவே கோபம்.

"பாட்டை நிறுத்துங்க மிஸ். பத்தடி போய் பிரேக் போடுங்க. ஒரே ஒரு தடவை. ஒண்ணும் இல்லன்னா இனிமே நான் போனே பண்ண மாட்டேன்."

அந்த வாக்குறுதி அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். பாட்டை நிறுத்தினார். கார் பத்தடி நகர்ந்தது, பிரேக் போட்டார்.

கர்ர்ர்.

கேட் ஓரம் வரிசையாக நின்ற நான்கு குழந்தைகளும், கார் நின்ற அதே நொடியில், ஒரே குரலில் "கர்ர்ர்" என்றார்கள். பிறகு அடுத்த நிறுத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "தினமும் பின்னாடி இப்படித்தான் கத்துவாங்க. சிங்கம் விளையாடறாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

ஏழுமலை தரையில் படுத்து, டார்ச் அடித்துச் சக்கரத்துக்குள் பார்த்தார். "இன்னா மிஸ், பேட்டே இல்ல. வெறும் தகடுதான் கீது. இதை வச்சிக்கினு சரிவுல எறங்கினீங்களா டெய்லி?"

மிஸ் இன்ஜினை அணைத்தார். காரிலிருந்து இறங்கி, குழந்தைகளை ஒரு முறை எண்ணினார். நான்குதான். மறுபடி எண்ணினார்.

மற்ற மூன்று குழந்தைகளின் வீட்டுக்கும் நானே போன் செய்து, வந்து அழைத்துப்போகச் சொன்னேன். ஒரு தந்தை மட்டும் "இதுக்கா போன் பண்ணீங்க?" என்று கேட்டார். பழகிய கேள்விதான். காரை ஏழுமலை முதல் கியரிலேயே, ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி, ஒர்க்‌ஷாப் வரை ஓட்டி வந்தார். பின்னால் ஆட்டோவில் வந்த எனக்கு அது மிக நீண்ட ஊர்வலமாகத் தெரிந்தது.

6. திரும்பி வந்த ஆயில்

மறுநாள் காலை மிஸ்ஸும் வந்திருந்தார். பாய் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைக் காட்டினார். கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்க வேண்டிய இரும்பில், இசைத்தட்டு போல வரிவரியாகக் கீறல். விரல் நகம் அதில் சிக்கியது. லேத்தில் கொடுத்துத் தேய்த்து எடுக்கும் அளவையெல்லாம் தாண்டிவிட்டது, டிஸ்க்கையே மாற்ற வேண்டும் என்றார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழைய செருப்பு போட்டு ஓடிப் பாரு" என்றார் பாய். இரண்டு பக்கமும் மாற்றினார்.

புதுப் பேட் தடிமனாக இருக்கும். அதற்கு இடம் விட, வெளியே வந்திருந்த பிஸ்டனைப் பழையபடி உள்ளே தள்ள வேண்டும். பாய் தள்ளினார். பானெட்டுக்குள் அந்த வெள்ளை டப்பாவில் ஆயில் ஏறியது. கோட்டைத் தாண்டியது. விளிம்பில் நின்றது. பிறகு வழிந்தது.

"பாத்தியாம்மா? நேத்து நீ ஊத்துனது அவ்வளவும் வருது" என்றார். சிரிஞ்சால் அவர் உறிஞ்சி எடுப்பதற்குள், நான் கோட்டுக்கு மேல் ஊற்றிய அந்தக் கொஞ்சம் மட்டும் பக்கத்திலிருந்த சிவப்பு பாடியில் இறங்கிவிட்டது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரியும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இருந்தும் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு போய்விட்டது.

அப்போதுதான் மிஸ்ஸிடம் சொன்னேன். விளக்கு எரிந்தது பேட் தீர்ந்ததைச் சொல்லத்தான் என்று. நான் அதைச் சரிசெய்யவில்லை, அணைத்தேன் என்று. சொல்லாமலே இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல வரவில்லை. அபியை வேறு கிரஷில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் இரண்டு பெயர்களை யோசித்து வைத்துக்கொண்டேன்.

மிஸ் அந்த உரிந்த இடத்தை ஒரு முறை தடவினார். பிறகு, "எல்லாத்துக்கும் பயப்படறீங்க. பயப்பட வேண்டிய ஒரே நாள்ல தைரியமா இருந்துட்டீங்களே, அபி அம்மா" என்றார்.

பாய் காரைத் திருநீர்மலை ரோடு வரை ஓட்டி, மெதுவாகப் பல முறை பிரேக் போட்டுப் பழக்கி, திரும்பக் கொண்டுவந்தார். புதுப் பேட் டிஸ்க்கோடு பழகக் கொஞ்ச நாளாகும், அதுவரை அவசரப் பிரேக் போடாதீர்கள் என்று மிஸ்ஸிடம் சொன்னார். நான் அதைக் கார்டில் அவர் சொன்னபடியே எழுதினேன்.

7. புதிதாக வருபவர்களுக்கு

மூன்று வருடமாக அதே மேசையில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. விளக்கு எரிந்தால் அணைக்காதீர்கள், ஏன் எரிகிறது என்று கேட்கத் தெரிந்தவர் வரும்வரை சாவியை வாங்கி வையுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். பின் சீட்டில் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையாக இருந்தால் கார் எப்படி நிற்கும் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். பிள்ளை செய்வதை அப்படியே கார்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மிஸ் காருக்குப் புதுப் பேட் போட்ட பிறகு வந்த திங்கட்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்ததும் அபி ஓடி வந்தாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். சத்தமே வரவில்லை.

எனக்குக் கவலையாகிவிட்டது. இன்னொரு முறை ஓடி வரச் சொன்னேன். ஓடி வந்து, சத்தமில்லாமல் நின்று, "அவ்ளோதான்மா" என்றாள். சிரப் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கொட்டிவிட்டேன்.