கானாடுகாத்தானில் என் கோபத்தைத் தேடி

சனிக்கிழமை, காலை 6.15. திருச்சியில் காரைக்குடி பேருந்து ஏறினேன். தொண்ணூறு கிலோமீட்டர். மனசுக்குள் ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவரும் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறேன். என் தலைவலிக்கு ஸ்கேனில் காரணம் எதுவும் அகப்படாததால் மகள் அனுப்பிவைத்தாள். "உனக்குக் கோபமே வராதாம்மா? அதுதான் பயமா இருக்கு" என்றாள். வராது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

காலை 9.30. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குப் பதினைந்து கிலோமீட்டர், ஆட்டோ நானூறு ரூபாய். "செட்டிநாட்டு வீடு பாக்க வந்தீகளா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லீங்க, என்னைப் பார்க்க."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆட்டோவின் வேகத்தைக் கூட்டினார்.

காலை 11. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பயிற்சியாளர் சென்னைக்காரர். ஆளுக்கொரு அறை கொடுத்து, "யாரும் கேட்க மாட்டார்கள். மறைத்துவைத்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார். எனக்கு வீட்டின் பின்கோடியில் ஒரு அறை. கதவைச் சாத்திவிட்டுக் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினேன். கணவரின் அக்காவைப் பற்றி ஆரம்பித்தேன், நிறுத்தவே முடியவில்லை. என் அம்மா இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை, தன் வீட்டு விருந்துக்குச் சமைக்கக் கூப்பிட்டாள். நானும் போனேன். இருபது வருஷக் கோபம். கத்தினேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

அந்த அறையின் உயரத்து ஜன்னல் அடுப்படி முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தது பயிற்சியாளருக்கும் தெரியாது.

மதியம் 1.15. சமையல்காரம்மா பஞ்சவர்ணம் எல்லாருக்கும் ஒரு வெள்ளைப் பணியாரம் வைத்தார், எனக்கு மட்டும் மூன்று. "அந்தம்மா கூப்பிட்டாகன்னா நீங்க ஏன்க்கா போனீக?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கேட்டுச்சா?"

"மிக்சிய நிப்பாட்டிட்டுல்ல கேட்டோம். அவுககிட்ட இதச் சொல்லிட்டீகளா?"

"இல்லை."

"செவத்துக்கிட்டச் சொன்னா எங்களுக்குத்தானக்கா கேக்கும்? அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?"

ஞாயிறு, மாலை 4. காரைக்குடி பேருந்து நிலையம். பையில் சான்றிதழ், தலையில் அதே வலி. நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"அண்ணி, அம்மா செத்தப்போ விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது. எனக்கு இன்னமும் ஆறலை" என்றேன்.

அண்ணி மெதுவாக, "அன்னைக்கு ஏன் அழறேன்னு கேட்டேனேடி. வெங்காயம்னு சொன்னியே" என்றாள்.

"வெங்காயம் இல்லை அண்ணி" என்றேன்.