அலோன் படகுத்துறையில் ஒரு நிலாச் சண்டை

யாங்கோன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது காலை ஒன்பதே முக்கால். பெய்கிறதா தொங்குகிறதா என்று சொல்ல முடியாத மழை. நான் கோயில் பார்க்கவோ சந்தை சுற்றவோ வரவில்லை. ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன்.

திருச்சி அச்சகம் ஒன்றில் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை திருத்துவது பொழுதுபோக்கு. அங்கே சோவியத் நிலா ராக்கெட் பற்றிய பக்கத்தில் எனக்கும் அலோன் மாணிக்கம் என்பவருக்கும் ஒரு வருடமாகச் சண்டை. ராக்கெட்டை வடிவமைத்தவர் படித்த ஊரை அவர் 'கீவ்' என்று எழுதுவார். நான் பழைய புத்தகங்களில் உள்ளபடி 'கியெவ்' என்று மாற்றுவேன். மறுநாள் மறுபடி கீவ். எனக்கோ மூக்கின் மேல் கோபம். அந்த எரிச்சலில், ராக்கெட் ஏன் விழுந்தது என்று அவர் எழுதியிருந்த பத்தியையும் 'கட்டுக்கதை' என்று எல்லோரும் பார்க்கக் குறிப்பெழுதி நீக்கினேன். அன்றோடு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு ஒரு விண்வெளி வரலாற்றைப் படித்தபோது அந்தப் பத்தி சரி என்று தெரிந்தது. பத்தியைத் திரும்பச் சேர்த்துவிட்டு மூன்று கடிதம் அனுப்பினேன். மூன்றாவதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: "நேர்ல வாங்க."

மாணிக்கம் இருக்கும் ஆற்றங்கரைப் பேட்டையான அலோனுக்குப் பதினாறு கிலோமீட்டர்; டாக்ஸிக்கு இருபத்தையாயிரம் கியாட். ஓட்டுநரின் தாய் தமிழச்சியாம். "கேட்டா வெளங்கும், பேச வராது," என்றவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"சாமி கும்பிடவா வந்தீங்க?"

"சண்டை போட்ட ஒருத்தரைப் பார்க்க."

"அடேயப்பா! ஏரோப்ளேன் ஏறியா?"

கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. ஒரு பொற்கோபுரம் தெரிந்தது, கரைந்தது, அடுத்த திருப்பத்தில் மறுபடி தெரிந்தது. பாதித் தூக்கத்தில் எது சாலை, எது ஆறு என்றே பிடிபடவில்லை.

பதினொரு மணி. படகுத்துறைக்கு எதிரே முதல் மாடி வீடு. மின்சாரம் இல்லை. கதவைத் திறந்தவர் மாணிக்கத்தின் மகள் மா தேவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். மாணிக்கம் ஜன்னலோரம் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். முதலில் கப்பலிலும் பிறகு ஆற்றுச் சரக்குப் படகிலும் எஞ்சின் ஓட்டியவர்.

"வாங்க தம்பி. நனைஞ்சிட்டீங்களே."

விமானத்தில் மனப்பாடம் செய்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஆற்றைக் காட்டினார். மழைக்குள் ஒரு சரக்குப் படகு மிகப்பெரிய இரும்புத் தொட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் நகர்ந்தது.

"அதை லாரியில ஏத்த முடியுமா? பாலம் தாங்காது. தண்ணிதான் தாங்கும். அமெரிக்காக்காரன் ராக்கெட்டோட அடிப்பாகத்தை முழுசா படகுல கொண்டுபோனான், கட்டிவச்சு எரிச்சுப் பாத்தான். சோவியத்காரங்களுக்குப் பாலைவனத்துல இருக்கற ஏவுதளத்துக்குப் போக ஆறு இல்ல, ரயில்ல அது அடங்காது. துண்டு துண்டா கொண்டுபோய் அங்கயே பத்தவச்சு ஒட்டினாங்க. முழுசா ஒரு தடவகூட எரிச்சுப் பாக்கல. நாலு விட்டாங்க, நாலும் போச்சு, பாவம்."

நான் கட்டுக்கதை என்று சொன்ன பத்தி இதுதான். கேட்கக் கேட்க, தொட்டி இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ராக்கெட் படுத்தபடி ஆற்றில் மிதந்து போவதுபோல எனக்குத் தோன்றியது.

"கட்டுக்கதைன்னு போட்டீங்க," என்றார், குரலை உயர்த்தாமல். "நான் எழுதறதைப் படிக்கணும்னு எம்மக தமிழெழுத்து கத்துக்கிட்டா. அவ முதமுதல்ல எழுத்துக்கூட்டிப் படிச்சது அந்த வார்த்தையத்தான்."

எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரத்தில் மா தேவி ஒரு அரக்குத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். ஊறவைத்த தேயிலை, சுற்றிலும் வறுத்த பயறு, பூண்டு, எள். பாங்காக்கில் விமானம் மாறியபோது குடித்த காபியோடு சரி, வேறெதுவும் சாப்பிடவில்லை. வெட்கத்தை மறைக்க ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். மா தேவியின் கை அப்படியே நின்றது. மாணிக்கம் என்னைப் பார்த்தார், சிரித்தார், தானும் ஒரு பிடி எடுத்துத் தின்றார்.

"அண்ணே, நான் எழுதினது ரொம்பத் தப்பு..."

"அதான் தின்னாச்சே," என்று கையமர்த்தினார்.

மா தேவி சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார்: "முந்தி இங்க... வழக்கு முடிஞ்சா ரெண்டு பேரும் லப்பெ... இந்தத் தேயிலை, தின்பாங்க. தின்னா முடிஞ்சுது. அப்புறம் அதை யாரும் பேசக் கூடாது."

"ஐயோ, பசியில தின்னுட்டேன்! நான் இன்னும் மன்னிப்பே கேக்கலையே!"

"பசியில தின்னாலும் தின்னது தின்னதுதான், தம்பி."

"அப்ப அந்த ஊர்ப் பேரு?"

"அதுவும் சேர்த்துத்தான். அந்த ஊர்க்காரனோட நாலு வருஷம் ஒரே கப்பல்ல இருந்தேன். அவன் கீவ்னுதான் சொல்வான். அவன் ஊருக்கு அவன் சொல்றதுதானே பேரு?"

இன்னொரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். கண் கலங்கியதைப் பூண்டின் மேல் போட்டுச் சமாளித்தேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் சமாதானம் ஆன பிறகுதான் யார் சொன்னது சரி என்ற பேச்சே தொடங்கும். அதை நினைத்துக்கொண்டே கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படகுப் பத்தியின் கீழே புதிதாக ஒரு வரி. எழுதியவர், மா தேவி.

'இதை சொன்னது என் அப்பா. அவர் பொய் சொல்ல மாட்டார்.'

விதிப்படி உடனே நீக்கவேண்டிய வரி. ஆதாரம் கிடையாது, கலைக்களஞ்சிய நடையும் இல்லை. பழக்கத்தில் விரல் நீக்கும் பொத்தான்வரை போய்விட்டது. பிறகு ஆதாரம் கேட்கும் கட்டத்தைத் திறந்து, 'நேரில் கேட்டேன்' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.