பாலேஸ்வரி காய்ச்சிய சிவப்புப் பியர்

அஜின்கோர்ட்டில் பாலேஸ்வரி தன் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் பியர் காய்ச்சுகிறாள் என்று போய்ச் சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாத மனிசி. கோயிலில் அன்னதானம் என்றால் முதல் ஆளாய்ப் போய் நின்று மரக்கறி வெட்டுகிறவள். அவளாவது, பியராவது! ஆனால் காய்ச்சினாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, தையில் தொடங்கி ஐப்பசி வரைக்கும். உருசி பார்க்கக் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைப்பாள், உடனே துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பாள்.

எல்லாம் புருசனுக்காகத்தான். தியாகலிங்கம் நல்ல மனுசன், அதைச் சொல்லத்தான் வேணும். குடித்துவிட்டுக் கத்துகிறது, அடிக்கிறது, ஒன்றும் கிடையாது. சத்தமில்லாமல் குடிப்பார், சத்தமில்லாமல் படுப்பார். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வாய் மணக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு கூப்பிடவேயில்லை. அதற்குப் பிறகு மனுசனுக்கு என்ன வேலை? சோபாவும் வொட்காவும்தான். ஏன் குடிக்கத் தொடங்கினார் என்று கேட்டால் சொந்தக்காரர் ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள். அவரைக் கேட்டால் சிரிப்பார். கடைசியில் காலையில் எழும்பித் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே அரைக் கிளாஸ் உள்ளே போக வேண்டும் என்ற நிலைமை.

டொக்டர் சியாமளா தமிழ்ப் பிள்ளை. புருசன் பெண்சாதி இரண்டு பேரையும் இருத்தி வைத்து ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள்.

"அன்ரி, ஈரல் பழுதாப் போச்சு. கட்டாயம் விட வேணும். ஆனா ஒரேயடியா விடக்கூடாது. உடம்பு பழகிப் போச்சு, திடீரெண்டு நிப்பாட்டினால் வலிப்பு வந்து ஆள் செத்துப் போகலாம். ஆஸ்பத்திரியிலை வைச்சு விடப் பண்ணுறதுதான் நல்லது."

"ஆஸ்பத்திரியிலை போய்க் குடிகாரன் எண்டு பேரெழுதிப் படுக்கவோ? நான் மாட்டன்" என்று தியாகலிங்கம் எழும்பி வெளியே போய்விட்டார்.

"அப்பிடியெண்டால் வீட்டிலை கொஞ்சங் கொஞ்சமாக் குறையுங்கோ. ஏதாவது வித்தியாசமாக் கண்டால் உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று டொக்டர் பாலேஸ்வரியின் கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினாள்.

குறைக்கிறது எப்படி? போத்தலுக்குள் தண்ணீர் கலந்தால் முதல் மிடறிலேயே கண்டுபிடித்துவிடுவார். பாலேஸ்வரி வேலை செய்த பேக்கரியில் நடாஷா என்று கயானாக்காரி ஒருத்தி. அவள் புருசன் வீட்டில் பியர் காய்ச்சுகிறவன். மாவு பிசைந்தபடி பாலேஸ்வரி தன் பாட்டைச் சொல்லி அழ, நடாஷாதான் வழி காட்டினாள். தானியத்திலிருந்து நீயே காய்ச்சினால் வெறியைக் கூட்டுகிறதும் குறைக்கிறதும் உன் கையில், சிவப்பு ஏல் என்கிற பியர் என்றால் முளைவிட்ட பார்லி மோல்டின் தடிப்பும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்து நிற்கும், குறைத்தாலும் நாக்குக்குப் பிடிபடாது என்றாள். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கே வந்து நின்று காய்ச்சியும் காட்டினாள்.

பாலேஸ்வரிக்குக் கை வந்துவிட்டது. பொங்கலுக்கு வைக்கிற பெரிய பானையில் சுடுதண்ணீர் வைத்து, நொறுக்கின பார்லி மோல்டைத் துணிப்பையில் கட்டி இறக்குவாள். நிறத்துக்குக் கருக வறுத்த பார்லி ஒரு பிடி. ஒரு மணித்தியாலம் மூடி வைத்துத் திறந்தால் வீடு முழுக்க நெஸ்ரமோல்ட் மா ரின்னைத் திறந்த மணம். பையைப் பிழிந்து எடுத்துவிட்டு, வடிந்த தண்ணீரைக் கொதிக்க விட்டு, ஹொப்ஸைக் கசப்புக்கு முதலில் கொஞ்சம், வாசத்துக்குக் கடைசியில் கொஞ்சம் போடுவாள். பிறகு ஆறவைத்து, ஈஸ்ற் தூவி, வாளியில் மூடினால் இரண்டு கிழமைக்கு அது தன் பாட்டில் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். போத்தலில் அடைத்து இன்னும் இரண்டு கிழமை. அவள் செய்த கள்ளம் இதுதான்: மோல்ட் ஊறுகிற தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டினாள். சூடு கூடினால் பியர் தடிப்பாய் வரும், வெறி குறையும். தானியத்தையும் சுண்டுச் சுண்டாய்க் குறைத்தாள். இளக்கம் தெரியாமல் ஹொப்ஸால் மூடினாள்.

தியாகலிங்கத்துக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"இஞ்சாரும், கடைச் சாமான் உதுக்குக் கிட்ட நிக்குமோ? உம்மை நான் இவ்வளவு காலமும் சும்மா விட்டிட்டனே!"

முதலில் வொட்காவுக்கு நடுவில் பியர். பிறகு வொட்கா போய்ப் பியர் மட்டும். சித்திரையில் தானாய்ச் சவரம் செய்தார். ஆனியில் கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். பாலேஸ்வரி சாமியறைக்குள் போய் நின்று அழுதாள், சந்தோசத்தில்தான். ஐப்பசி பிறந்தபோதும் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் போத்தல் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. என்றாலும் முன்பிருந்ததில் பாதி வெறிகூட அதில் இல்லை. இன்னும் நாலைந்து தடவை காய்ச்சினால் மனுசன் கரையேறிவிடுவார். அவ்வளவுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மொன்றியலில் இருந்து அவருடைய தமக்கை சந்திரவதனா கந்தசஷ்டிக்கு வந்து இறங்கினா. பேஸ்மென்றுக்குப் போனவ, வாளியையும் போத்தல்களையும் கண்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டா.

"அறுவாளே, புருசனுக்குக் குடிக்க நீயே காய்ச்சிக் குடுக்கிறியோ? சாமியறைக்குக் கீழை கள்ளுக்கொட்டிலோ நடத்துறாய்?"

"மச்சாள், டொக்டர்தான் மெல்ல மெல்லக் குறைக்கச் சொன்னவ. ஒரேயடியா விட்டால்..."

"டொக்டர்! என்ரை முருகனை விட டொக்டர் பெரிசோ உனக்கு?"

தியாகலிங்கம் தமக்கையின் முகத்தைப் பார்த்தார். தாய் இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவ அவதான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"சரி அக்கா. இந்தமுறை நான் சஷ்டி பிடிக்கிறன். ஆறு நாளும் தொடமாட்டன். பிறகும் தொடமாட்டன்."

பாலேஸ்வரிக்கு டொக்டர் சொன்னது மறக்கவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் குடியை விடுகிறேன் என்று அந்த வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று எத்தனை கோயில் சுற்றியிருப்பாள்! வந்த சொல்லை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்சாதிக்கு நாக்கு வரும்? முருகன் பார்த்துக்கொள்ளுவான் என்று தானும் நம்பினாள். அடுத்த நாள் கோயிலில் ஐயர் அவருடைய வலக்கையில் விரதக் காப்புக் கட்டினார். மனுசன் திருநீறு பூசி வந்து நிற்க, அவள் கண் நிறைந்து போனது.

இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கிப் பால் கிளாஸ் சிந்தியது. விரதக் களை என்றா மச்சாள். மூன்றாம் நாள் மத்தியானம் சுவரில் எறும்பு ஊருகிறது, அடியும் அடியும் என்று கத்தத் தொடங்கினார். சுவரில் ஒன்றும் இல்லை. பாலேஸ்வரி கீழே ஓடிப்போய் ஒரு போத்தலை உடைத்துக் கிளாஸில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"காப்புக் கட்டின கையிலை உதைக் குடுக்கப் போறியோ?" மச்சாள் குறுக்கே வந்து நின்றா. "ஏழு சென்மத்துக்கும் பாவமடி. இன்னும் மூண்டு நாள் பொறுக்கேலாதே உனக்கு?"

தியாகலிங்கம் கையை நீட்டினார். நீட்டின கையில் காப்பைக் கண்டதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாமப்பா. ஆறாம் நாள் சூரன்போர் முடியட்டும்" என்றார்.

பாலேஸ்வரி கிளாஸைச் சிங்கில் கொட்டினாள். கையைக் கழுவிவிட்டு வந்து விளக்கேற்றினாள்.

பின்னேரம் கோயிலுக்கு வெளிக்கிடச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் அப்படியே விழ, வலிப்பு வந்து கைகால் வெட்டியது. அம்புலன்ஸுக்குள் ஒருமுறை, ஆஸ்பத்திரியில் இன்னொருமுறை. அதற்குப் பிறகு இருதயம் நின்றுவிட்டது. கடைசியாய் எப்போது குடித்தவர் என்று அங்கே ஒரு டொக்டர் கேட்டான். மூன்று நாளாய் ஒரு சொட்டும் இல்லை என்றாள் பாலேஸ்வரி. அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

செத்தவீட்டுக்குச் சனம் நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: கொடுத்து வைத்த மனுசன், சஷ்டியில் போனவர், குடியை விட்டுச் சுத்தமாய்ப் போனவர். பெட்டியின் தலைமாட்டில் நின்ற சந்திரவதனா அழுது அழுது அதையே சொன்னா.

"பார் பாலேசு, என்ரை தம்பி ஒரு சொட்டும் தொடாமல் முருகனிட்டைப் போயிட்டான். உந்தப் பாக்கியம் ஆருக்குக் கிடைக்கும்?"

பாலேஸ்வரி திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"மச்சாள், அவரைக் குடி கொல்லேல்லை. நீங்களும் நானும்தான் கொன்றனாங்கள். அண்டைக்கு அந்த ஒரு கிளாசைக் குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடியிருந்தால் மனிசன் இருந்திருக்கும்."

சந்திரவதனா வாயைப் பொத்திக்கொண்டா. வரிசையில் நின்றவர்களுக்கு அது கேட்டதோ என்னவோ தெரியாது. அடுத்ததாய் நின்ற ஒரு வயதான மனுசன் முன்னுக்கு வந்து பாலேஸ்வரியின் கையைப் பிடித்து, "நல்ல சாவு பிள்ளை, அழாதை" என்றார்.