இத்தா வீட்டுக்கு ஒரு கேபிள்

மச்சான் இறந்த பிறகு எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் லாட்ஜாகப் போய்க் கேமராவும் வயரும் மாட்டிக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரன் என்று என் மனைவியே சொன்னாள். இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மச்சான் என்றால் என் தங்கையின் கணவர். இருக்கும்போதே மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளைக்குத் துபாயில் லீவை நீட்டித் தரமாட்டார்கள், அதனால் தேதியைத் தள்ளவில்லை. தங்கையோ இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்தக் கெடு முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. தொண்டியில் அவள் வீட்டுச் சுவரும் நிக்காஹ் நடக்கும் கல்யாண மண்டபத்துச் சுவரும் ஒட்டித்தான் நிற்கின்றன. ஆனாலும் ஒரே மகளின் நிக்காஹைப் பார்க்க அவளுக்கு வழியில்லை. மண்டபத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்துத் தருகிறேன் என்றேன். சரி காக்கா என்றாள், எங்களில் அண்ணனைக் கூப்பிடுவது அப்படித்தான்.

ஆண்கள் பக்கம் நடப்பதைப் பெண்கள் அங்கே டிவியில்தான் பார்ப்பார்கள். மேடைக் கேமராவின் படம் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொரு டிவியோடும் இருக்கும் பெட்டிக்கு வயர் வயராகப் பிரியும். இதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். முன்பு மாட்டிய புண்ணியவான் எதையும் யோசிக்கவில்லை. பந்தியில் வேண்டாம் என்றவன் தட்டிலும் கொட்டுகிற மாதிரி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லா வயரிலும் படம் கொட்டிக்கொண்டிருந்தது. வைஃபை திணறியது, படம் கட்டம் கட்டமாக உடைந்தது.

ஸ்விட்சில் ஸ்னூப்பிங் என்பதைப் போட்டேன். கேட்கிற பெட்டிக்கு மட்டும் படம் போக ஆரம்பித்தது. மண்டப மேலாளர் சந்தோஷமாக டீ சொல்லப் போனார். டீ வருவதற்குள் எல்லா டிவியிலும் படம் நின்றுவிட்டது. இன்னும் வேண்டுமா என்று யாராவது அவ்வப்போது கேட்க வேண்டும், பெட்டி வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டும். கேட்க ஆளில்லாவிட்டால் பதிலும் வராது, ஸ்விட்ச் அந்த வயரைக் கைகழுவிவிடும். அப்படிக் கேட்பதற்குக் குவேரியர் என்று அதே ஸ்விட்சில் ஒரு வசதி இருந்தது, யாரும் தொட்டதேயில்லை. அதையும் போட்டுவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்து பார்த்தேன். படம் நிற்கவில்லை, சுவர் தாண்டி இழுத்துக் கொடுத்த தங்கை வீட்டு டிவியிலும்.

நிக்காஹ் அன்று, பெண்ணின் தாய்மாமன் மேடையில் இல்லாமல் மாடிப்படிக்கு அடியில் வயரோடு உட்கார்ந்திருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். எனக்கு மேடையில் வேலை எதுவுமில்லை. லேப்டாப்பில் தங்கை வீட்டு வயரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்து, இன்னார் மகளை இன்னார் மகனுக்கு என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்கு மாப்பிள்ளை கபூல், ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டால் நிக்காஹ் முடிந்தது. மைக்கில் மச்சானின் பெயர் கேட்டது. உடனே அந்த வயர் திரையிலிருந்து மறைந்துவிட்டது.

கேபிள் அறுந்தால் பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இந்தப் பெட்டியோ, போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. ரிமோட்டில் அணைத்தால்தான் அப்படி வரும். அது தெரிந்தும் எழுந்து ஓடினேன்.

அணைந்த டிவிக்கு முன்னால் தங்கை ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவுக பேருக்கு முன்னால மர்ஹூம்னு சொல்லிட்டாக காக்கா. அதுக்கு மேல பாக்க முடியல.”

மர்ஹூம் என்றால் காலமானவர். அப்படி அவர் பெயரோடு சேர்த்து ஊர் முன்னால் மைக்கில் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் அப்படித்தான். கபர்ஸ்தானில் மண் அள்ளிப் போட்டவன் நான். அப்போதுகூட மச்சான் எங்கோ வெளியூர் போயிருப்பதாகவே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துஆ ஓதுவதும் எல்லோரும் ஆமீன் சொல்வதும் கேட்டது. நிக்காஹ் முடிந்திருந்தது.

“மாப்புள கபூல் சொன்னத நீங்களாச்சும் பாத்தீகளா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.