இன்னும் ஒரே ஒரு வருசம்

துபாயில் வேலை பார்க்கிற நான், அறந்தாங்கியில் இருக்கும் மனைவியிடம் பத்து வருடமாகப் போனில் சொல்வது, "இன்னும் ஒரே ஒரு வருசம்." உடனே சண்டை போடுவாள். அவள் எதைச் சொன்னாலும் வீடு கட்டுகிற வேலை, மகள் படிப்பு என்று என்னிடம் பதில் தயாராக இருக்கும்.

போன வாரமும் அதையே சொன்னேன். அவள் பேசவில்லை. லைன் கட்டாகவில்லை, மின்விசிறிச் சத்தம் கேட்டது. எனக்கும் அலுத்துவிட்டது. சண்டைக்கு ஆளில்லாமல் நானே பேச ஆரம்பித்தேன். வீடு முடிந்துவிட்டது, பால் காய்ச்சியதைக்கூட வீடியோ காலில்தான் பார்த்தேன், மகளும் வேலைக்குப் போய்விட்டாள், முட்டிவலி வேறு தாங்கவில்லை என்று அவளுக்காக நானே வாதாடினேன்.

எல்லாம் சொல்லி ஓய்ந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"பிளைட்டு என்னைக்குங்க?"