டேங்க் மூடியில் ஊசி ஓட்டை

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். டிராக்டர் ஓடும்போது நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். என்ன கோளாறு என்று அது அவரிடம் சொல்லுமாம். நான் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறாது.

குடிநீர்த் தொட்டியில் மோட்டார் ஆபரேட்டராக இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு அந்தச் சின்ன டீசல் டிராக்டரை வாங்கி வந்தார். பழசுதான், ஆனால் எங்கள் இரண்டு ஏக்கருக்கு அது தாராளம். பல் விளக்கும் முன்னே கொட்டகைக்குப் போய் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். பழைய பனியனால் அதன் உடம்பைத் துடைத்துவிடுவார். ஆயில் மாற்றிய தேதி எல்லாம் சாக்பீஸில் கொட்டகைச் சுவரில் இருக்கும். கல்யாணத் தேதியைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பார். வேறு மெக்கானிக் கை அதன்மேல் இதுவரை பட்டதில்லை.

நான் மட்டும் சளைத்தவளா? ஓட்டை என்று ஒன்று என் கண்ணில் படக்கூடாது. பக்கெட்டோ குழாயோ கூரைத் தகரமோ, எது ஒழுகினாலும் அன்றைக்கே அடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

போன வாரம் நல்ல மழை. மண் பதமாக இருந்தது. நாலைந்து நாளில் உழுது விதைக்காவிட்டால் காய்ந்து கட்டி தட்டிவிடும். முதல் நாள் காலை டிராக்டர் வயலில் இறங்கியது, கால் மணி நேரம் ஓடியது, திணறியது, நின்றது. இவர் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். டீசல் இருந்தது. டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். சமர்த்தாகக் கிளம்பியது. கால் மணி நேரத்தில் மறுபடி அதே கதை. இரண்டாம் நாள் ஃபில்டரை மாற்றினார். மூன்றாம் நாள் டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஊஹூம்.

ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்திலேயே போய் நின்று கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது?

"ஊர்ல எல்லாரும் உழுது முடிச்சாச்சு. நீங்க இன்னும் இதுக்கு நாடி புடிச்சுட்டு இருங்க! நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஓடலேன்னா, என் தம்பிய விட்டு வண்டி புரோக்கர வரச் சொல்லி அவர்கிட்ட தள்ளி விட்டுடணும், ஆமா. வாடகை வண்டி வெச்சு உழுதுக்கலாம்."

வழக்கமாக ஒன்பது சாக்கு சொல்கிற மனுஷன், "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். பனியன் துணியை மடித்து ஸீட்டின்மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்தத் துணியை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

மறுநாள் பத்து மணிக்கு, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, புரோக்கரோடு வந்துவிட்டான். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்து செருப்புக் காலால் டயரை ஓர் உதை விட்டார். எனக்குச் சுருக்கென்றது. இவர் வயலில் இறக்கி ஓட்டிக் காட்டினார். கால் மணி நேரம். திணறல். நின்றுவிட்டது. புரோக்கர் தனக்குள் சிரித்துக்கொண்டார். வெளி ஆள் முன்னால் புருஷனைப் பார்த்து எப்படிக் கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

இவர் டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

இவர் அப்படியே நின்றார். பிறகு மூடியைத் திருப்பிப் பார்த்தார். "அட, மூச்சு முட்டியிருக்கு!"

"என்ன மாமா?" என்றான் தம்பி.

"டீசல் இறங்க இறங்க டேங்க்குக்குள்ள காத்து போகணும்டா மாப்ள. அதுக்குத்தான் மூடியில ஊசி ஓட்டை. அது அடைச்சுப் போச்சு. நான் பாக்கறதுக்காகத் திறந்தா காத்து உள்ள போயிடுது, வண்டி ஓடுது. மூடினா நின்னுடுது."

"மூணு நாளா அந்தச் சத்தம் உங்க காதுல விழலையா?" என்றான் தம்பி.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று நாளும் மூடி திறந்தபோதெல்லாம் என் தொண்டைதான் திறந்திருந்தது.

"எப்படி அடைச்சுது?" என்றார் புரோக்கர்.

"குளவி கூடு கட்டியிருக்கு, வேற என்ன" என்றபடி இவர் ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். ஆனால் விரலுக்கு வெளியே வெள்ளையாகக் கொஞ்சம் தெரிந்தது. எனக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவிவிட்டது நான். கழுவும்போது, முன்னொரு மழையில் டீசலில் தண்ணீர் கலந்து இவர் இரண்டு நாள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. மூடியில் ஓட்டையைப் பார்த்ததும், பாவம் என்று, பக்கெட்டுக்குப் பூசுகிற வெள்ளைப் பசையை எடுத்து அடைத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை.

"குளவியாவது கிளவியாவது! நான்தான்டா அடைச்சேன். அவரு காப்பாத்தறாரு என்னைய."

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புரோக்கர், "அப்ப வண்டி விக்கிறதுக்கு இல்ல" என்று நடையைக் கட்டினார். இவர் என்னிடம் கையை நீட்டி, "ஊக்கு இருந்தா குடு" என்றார். இரண்டு ஊக்கு வளைந்து மூன்றாவதில்தான் ஓட்டை திறந்தது.

"நல்லாத்தான் அடைச்சிருக்க" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே மெச்சினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கால் மணி தாண்டியது. அரை மணி, ஒரு மணி. டிராக்டர் நிற்கவில்லை. இரண்டு ஏக்கரும் உழுது முடியும்வரை நான் வயலோரத்திலேயே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.